பெங்களூரில் வாங்கிப் போவதா, போன இடத்தில் வாங்குவதா?

ஆகஸ்ட் பிறந்தால் மடிவாளா, கே.ஆர்.புரம், அல்சூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதே பேச்சுதான். படிக்கப் போகிறவர், ஆன்சைட் போகிறவர், கணவரோடு போய்ச் சேருகிறவர் என எல்லோருக்கும் ஒரே கேள்வி: போன், லேப்டாப், மிக்ஸியை இங்கே எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கி எடுத்துப் போவதா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா? தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஏற்கெனவே போய் இறங்கியவர்களுக்கும் பாதியாவது பயன்படும்.

எல்லோரும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். அந்த ஊர் கரண்டில் ஓடுமா, அந்த ஊர் டவரில் பேசுமா, கெட்டுப்போனால் அங்கே யாரிடம் கொடுப்பது? இந்த மூன்றும் தெரிந்த பிறகு விலையைப் பாருங்கள்.

முதலில் போன். சிக்கல் அதிகம் இருப்பது இதில்தான். இங்கே விற்கும் போனில் இந்தியாவுக்கு வேண்டிய அலைவரிசைகள் இருக்கும். அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் 600 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 71 என்ற அலைவரிசை வைத்திருக்கிறது, வெரைஸன் நிறுவனத்துக்குப் பேண்ட் 13. இங்கே வாங்கிய மலிவு போன்கள் பலவற்றில் இவை கிடையாது. ஊருக்குள் சிக்னல் காட்டும், கட்டடத்துக்குள்ளோ நெடுஞ்சாலையிலோ போனால் காணாமல் போகும். ஆஸ்திரேலியா இன்னும் கறார். 2024 அக்டோபரில் அங்கே 3ஜி-யை மூடிவிட்டார்கள். 4ஜி வழியாக 000 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க முடியாத போன் என்றால் நெட்வொர்க்கே அதைத் தடுத்துவிடும், போன் புதுசா பழசா என்று பார்ப்பதில்லை. போகிற நாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டுப் பார்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். *#06# அழுத்தினால் எண் வந்துவிடும், பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். சாம்சங் புது போன் வாங்கிப் போகிறவர்கள் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். முதலில் போன் விற்கப்பட்ட பகுதியின் சிம்மைப் போட்டுச் சிறிது நேரம் பேசினால்தான் வெளிநாட்டு சிம்மை ஏற்கும் என்று பல மாடல்களில் இருக்கும். சீலைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் அங்கே திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்காக அங்கே இறங்கியதும் "இலவச போன்" விளம்பரத்தில் விழுந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் அது 24 மாதமோ 36 மாதமோ பில்லில் கழித்துத் தரும் கணக்கு. நடுவில் நிறுவனம் மாறினால் பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை போன் பெரும்பாலும் அவர்கள் பூட்டில் இருக்கும், லீவுக்கு வரும்போது ஜியோ சிம் போட முடியாது. புதிதாகப் போனவருக்கு கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கிக் கட்டிய வரலாறு) இல்லாததால் அந்தத் திட்டம் கிடைப்பதும் கஷ்டம். முழு விலை கொடுத்து அன்லாக்டு போன் வாங்குவதே என் கட்சி.

இன்னொரு பொறி இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14-ஆவது மாடலில் இருந்து சிம் செருகும் இடமே இல்லை. பெங்களூரில் வாங்கிய பிளாஸ்டிக் சிம்மை எங்கே போடுவீர்கள்? வங்கி ஓடிபி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கிறது. கிளம்புவதற்கு முன்பே ஏர்டெல், ஜியோ, வி எதுவானாலும் கடைக்குப் போய் இ-சிம்மாக மாற்றுங்கள், அல்லது பழைய போனை விற்காமல் அந்த சிம்மோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரத்தை விட அது உயிரோடு இருப்பது மேல். ரோமிங்கை இங்கேயே ஆன் செய்துவிடுங்கள், ரீசார்ஜும் விட்டுப்போகக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம்.

"அக்கா, ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் போறேன், லேப்டாப் அங்க வாங்கட்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி, இங்கேயே வாங்கிக்கோங்க. அங்கே கடையில் இருப்பதெல்லாம் ஜெர்மன் கீபோர்டு. ஒய் இருக்கும் இடத்தில் இசட், இசட் இடத்தில் ஒய். புரோகிராம் கோடு எழுதும்போது அடைப்புக்குறியைத் தேடியே விரல் அலுத்துவிடும். ஃபிரான்ஸ் கீபோர்டு அதைவிட மோசம். கரண்ட் பற்றிக் கவலை இல்லை. சார்ஜர் கட்டியைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் "இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் உலகம் முழுக்க ஓடும். கட்டியில் இருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் அந்த ஊர் பின்னோடு அங்கே வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பின் அடாப்டரைச் சுவரில் தொங்கவிடுவதை விட அது பாதுகாப்பு.

வாரண்டி பிராண்டைப் பொறுத்தது. மேக்புக்குக்கு உலக வாரண்டி உண்டு, ஐபோனுக்கு ஆப்பிள் வாங்கிய நாட்டோடு வரம்பு வைக்கலாம். லெனோவோ திங்க்பேடில் பல மாடல்களுக்கு சர்வதேச வாரண்டி கிடைக்கும். டெல்லில் நாடு மாறியதை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். எதுவானாலும் சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மி" என்று சில கடைகளில் ஆசை காட்டுவார்கள். அந்த இரண்டாயிரம் போனால் போகட்டும், பில்லை போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

அமெரிக்கா போகிறவருக்கு லேப்டாப்பில் என் பதில் வேறு. அதே ஆங்கிலக் கீபோர்டு, மாணவர் தள்ளுபடி, நவம்பரில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனை. அவசரம் இல்லையென்றால் அங்கேயே வாங்கலாம். ஒட்டியிருக்கும் விலையில் சேல்ஸ் டாக்ஸ் சேர்ந்திருக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆரிகன், டெலவேர் மாதிரி சில மாநிலங்களில் அந்த வரி கிடையாது.

மிக்ஸிக்கு வருவோம், அது இல்லாமல் நம் வீட்டில் பயணம் ஏது. அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. நம் 230 வோல்ட் மிக்ஸியை அங்கே செருகினால் முனகும், சட்னி அரையாது. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், 750 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் எடைக்குப் பதில் இரண்டு கிலோ பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். ப்ரீத்தி 110 வோல்ட் மாடல் போடுகிறது, அங்குள்ள இந்தியக் கடைகளிலும் கிடைக்கும். சிங்கப்பூர், துபாய், லண்டன், சிட்னி போகிறவர்கள் நம் மிக்ஸியையே எடுத்துப் போகலாம், பின் மட்டும் வேறு. டிவி, இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் இங்கேயே விட்டுவிடுங்கள்.

பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் என்பது சுமார் 74 வாட்-ஹவர்தான்.

போய் ஆறு மாதம் ஆனதும் ஊரில் இருந்து மாமா கேட்பார், "வரும்போது ஒரு ஐபோன் வாங்கிட்டு வாப்பா". 18 வயது நிரம்பியவர் லேப்டாப் ஒன்று வரியில்லாமல் கொண்டு வரலாம். சீல் பிரிக்காத போன் இரண்டு மூன்று இருந்தால் தேவனஹள்ளி ஏர்போர்ட் கஸ்டம்ஸில் கேள்வி வரும். வரியே இல்லாமல் வந்தாலும், அமெரிக்க மாடலில் மாமாவின் சிம்மைப் போட இடம் இல்லை, ரிப்பேர் வந்தால் இங்கே வாரண்டியும் சந்தேகம். பணத்தை அனுப்பிவிடுங்கள், தீபாவளி ஆஃபரில் அவரே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளட்டும்.