நகரத் திட்டமிடுநரா, நகரமைஞரா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் தொகுக்கும் சொல்லடைவுக்காக 'அர்பன் பிளானர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இந்த மடலிழை, பத்துப் பன்னிரண்டு மடல்களுக்குப் பிறகு 'நகரத் திட்டமிடுநர்' என்பதை ஏறத்தாழ ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில் குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரைபட அறையில் சில ஆண்டுகளும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பல ஆண்டுகளும் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு பழைய வழக்கு உண்டு.

வழக்கு 'திட்டம்' என்ற பகுதியோடுதான். ஆங்கிலத்தில் மூன்று வேறு சொற்களால் குறிக்கப்படும் பிளான், ஸ்கீம், புராஜெக்ட் ஆகிய மூன்றுக்கும் நாம் 'திட்டம்' என்ற ஒன்றையே வைத்திருக்கிறோம். மதிய உணவுத் திட்டமும் மெட்ரோ ரயில் திட்டமும் சென்னையின் முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஒரு சிறு நகரத்தின் கூட்டத்தில், நில உபயோக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மஞ்சள் குடியிருப்பு, பச்சை வேளாண்மை என்று அரை மணி நேரம் நான் விளக்கி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "இந்தத் திட்டத்துல எங்க பேரச் சேர்க்க எங்க மனு குடுக்கணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை; அரசு மேடையில் 'திட்டம்' என்ற சொல் ஒலித்தால் பெயர்ப் பட்டியலும் விண்ணப்பமும் பின்னால் வரும் என்பதுதான் அவர் அறிந்த தமிழ். அவருக்குப் பின்னால் இருந்தவர்களோ அதே சொல்லை நில எடுப்பு என்று புரிந்துகொண்டு கொதித்துப் போயிருந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு வரை நான் 'வகு' என்ற வினையடியின் பக்கம் சாய்ந்திருந்தேன். 'நகர்வகுநர்' என்று சொல்லிப் பார்த்தால் ஓசை நன்றாகவே இருக்கிறது. பெறுநர், இயக்குநர் போன்ற ஆக்கங்களோடும் ஒத்துப்போகிறது. ஆனால் 'வகுத்தல்' கூறுபோடுதலையும் குறிக்கும் என்பதை ஒதுக்க முடியவில்லை. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் எங்கள் தொழில் பெரும்பாலும் நிலத்தைக் கூறுபோடுவதாகத்தான் இருந்தது: இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை என்று கோடு கிழிப்பது, கோட்டுக்குள் வருகிறதா என்று பார்த்து அனுமதி கொடுப்பது. அந்தக் காலத்துக்கு 'வகுநர்' கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், இன்றைக்குப் பொருந்தவில்லை என்பதே அதன் குறை. தவிர, தொழிலின் பெயராக 'நகர்வகுப்பு' என்று சொன்னால் பள்ளிக்கூட நினைவோ சாதி நினைவோ வந்துவிடும்.

அனுமதிச் சரிபார்ப்பு எங்கள் மேசையை விட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடு கட்ட, சுயசான்றின் அடிப்படையில் இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. இன்னொரு பக்கம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-இல் 5,904 ஆக விரிக்கப்பட்டது. ஏரிகளும் நஞ்சையும் கிராமங்களும் நிறைந்த அந்தப் பரப்பில் வண்ணம் பூசிவிட்டு வந்துவிட முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி வடிகால் எங்கே போகிறது என்பதாகவே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல நீர்வளத் துறையையும் மாநகராட்சியையும் வருவாய்த் துறையையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இதையொட்டி இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> பணி மாறிவிட்டதால் பெயரையும் மாற்றி 'நகர் ஒருங்கிணைப்பாளர்' எனலாமே?

மாறியதை எல்லாம் பெயருக்குள் திணித்தால் துறையறிவு வெளியே போய்விடும் என்பது என் அச்சம். ஒருங்கிணைப்பாளர் இல்லாத அலுவலகமே இன்று இல்லை. மருத்துவரின் வேலையும் நூறு ஆண்டுகளில் எவ்வளவோ மாறியிருக்கிறது. பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே அரசு நமக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் 'நகரமைப்பு' என்பதையே துறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அலுவலக வாடை அடிக்கிறது என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அடிக்கிறது, மறுக்கவில்லை; நகரமைப்பு ஆய்வாளர் என்றால் கட்டடத்துக்குச் சீல் வைக்க வருபவர் என்றுதான் பலருக்கும் நினைவு. ஆனால் 'அமை' என்ற வினையடி இரண்டு வேலை செய்கிறது. தெருவை அமைக்கிறோம், வரன் அமைகிறது, வீடு அமைகிறது. செய்வதும் தானாகக் கூடிவருவதும் ஒரே வேரில் இருக்கின்றன. 1914-15இல் தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடஸ், நேர்த்தெரு வெட்டுவதற்காக வீடுகளை வரிசையாக இடிப்பதை எதிர்த்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றிச் சிறு திறந்தவெளிகளை உண்டாக்கினால் போதும் என்று வாதிட்டார். அடிப்படையில் உயிரியல் படித்தவர் அவர். அமைப்பதற்கு முன்னால் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்ன அவரை நினைத்தால், இப்போது நாங்கள் புதிதாகக் கற்கிறோம் என்று சொல்லிக்கொள்வது சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

ஆளைக் குறிக்கும் சொல்தான் மிச்சம். 'நகரமைப்பாளர்' என்பது இயல்பாக வரும் வடிவம். ஆனால் அதைச் சற்றே பிரித்து 'நகர அமைப்பாளர்' என்று எழுதிவிட்டால், கட்சியின் ஏதோ ஓர் அணிக்கு அந்த ஊரில் பொறுப்பாளர் என்றாகிவிடும். சுவரொட்டி பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கலைஞர், வினைஞர் வரிசையில் 'நகரமைஞர்' என்று சுருக்கிப் பார்த்தேன். பிரித்தாலும் குழப்பம் இல்லை, அட்டவணைக் கட்டத்திலும் அடங்குகிறது. இலங்கை நண்பர்கள் 'திட்டமிடல்' என்பதையே பாடநூல்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலமாக ஆள்கிறார்கள். அவர்களுக்கு இது அந்நியமாகப் படுமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

'முழுமைத் திட்டம்' அரசிதழில் ஏறிய பெயர் என்பதால் அதைத் தொட வேண்டாம். 'நகரமைஞர்' பதிவுக்கு எதிரே எடுத்துக்காட்டு வாக்கியமாக இதை இடலாம் என்று நினைக்கிறேன்: "வாய்க்காலை ஒட்டிய வீடுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று நகரமைஞர் தெருவாரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்." படிக்கும்போது எங்காவது நெருடினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று சொல்லடைவு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பழைய வரைபட அறைக்காரன்