பங்குச் சந்தை விழுந்த நாளில் யாரைத் திட்டினீர்கள்? மூன்று பேரின் பதில்கள்

2020 மார்ச்சில் நான் திட்டாத தலைவர் இல்லை. பிப்ரவரி 19-ல் உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குச் சந்தைக் குறியீடு மார்ச் 23-க்குள் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. என் கணக்கு முழுக்கச் சிவப்பு. கத்திக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்: "எல்லா நாட்டுலயும்தானே விழுந்திருக்கு? எல்லாத் தலைவர்களும் கூடிப் பேசியா விழ வச்சாங்க?"

விழ வைத்தது கொரோனா வைரஸ். அதைத் திட்டினால் யார் கேட்பது? உண்மையில் எனக்கு எரிச்சல் என் மேல்தான். மார்ஜினில், அதாவது தரகரிடம் கடன் வாங்கி, பங்கு வாங்கியிருந்தேன். கூடுதல் பணம் கட்டச் சொன்னார்கள், என்னிடம் இல்லை. அடிமாட்டு விலைக்கு அவர்களே விற்றுவிட்டார்கள். அதற்கு எந்த ஜனாதிபதியும் கையெழுத்துப் போடவில்லை!

* * *

உங்கள் அக்கா சொன்னது 2020-க்குச் சரி. 2025 ஏப்ரல் 2-ல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாட்டுப் பொருட்களுக்கும் இறக்குமதி வரி அறிவித்தார். அடுத்த இரண்டே நாளில் அதே குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நான் பயந்து பாதியை விற்றேன். 9-ஆம் தேதி, பெரும்பாலான நாடுகளுக்குக் கூடுதல் வரியை 90 நாள் நிறுத்திவைப்பதாக அவரே சொன்னார். அன்றைக்கு ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏற்றம். விற்றவன் வேடிக்கை பார்த்தேன். அவர் சொன்னதும் விழுந்து, அவர் நிறுத்தியதும் எழுந்தால், பழியை வேறு யார் மேல் போடுவது? அவசரப்பட்டு விற்றது என் தப்பு, சரி. சரிவு என் தப்பில்லை.

* * *

2022-ஐ மறந்துவிட்டீர்களே. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றிய வருஷம். குறியீடு சுமார் 19 சதவீதம் இறங்கியது. வட்டியை முடிவு செய்வது மத்திய வங்கி, ஜனாதிபதி இல்லை. இதை விளக்கப் போய் ஒரு நண்பரோடு ஒரு மாதம் பேச்சே இல்லை.

அப்புறம் 2023-ல் சந்தை ஏறியது. அதே நண்பர் கூப்பிட்டார். "பார்த்தியா, நான் எடுத்த பங்கெல்லாம் எப்படி ஏறுதுன்னு!" ஜனாதிபதி பேச்சே வரவில்லை.