'ஆல்தோ' இருக்கும்போது 'பட்' எதற்கு?

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இரண்டு வாக்கியங்களை இணைக்கச் சொன்னால் பல நோட்டுகளில் இதுதான் இருக்கும்: "ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்." பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற மூன்று வாக்கிய வகைகளையும் ஒரே கட்டத்தில் போட்டு 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பட்', 'தோ' என்று மனப்பாடம் செய்ய வைத்தால் கலந்துதான் போகும்.

"ஏழையாக இருந்தாலும், ஆனால் நேர்மையானவன் என்று வீட்டில் பேசுவாயா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. 'ஆலும்' வந்த பிறகு 'ஆனால்' தேவையில்லை என்பது அவர்கள் காதுக்கே தெரிகிறது. நாம் வினையின் வாலில் ஒட்டுவதை ஆங்கிலத்தில் தலையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் லீவ் லெட்டர். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். "அதனால என்ன மிஸ்?" என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்வி எழுந்தால் அது துணை வாக்கியம், தனியாக நிற்காது. "ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல்" என்பதை முன்னால் கொண்டுவந்து, 'ஆஸ்' இருந்த இடத்தில் 'பிகாஸ்' போட்டுப் பின்னால் எழுதச் சொன்னேன். நடுவில் கமா தேவைப்படவில்லை. விதியைச் சொல்லாமலே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

*

மிஸ், உங்கள் 'ஆல்தோ' கதையைப் படித்தேன். எங்கள் அலுவலகத்தில் பாடாய்ப் படுத்துவது 'அன்லெஸ்'. வாடிக்கையாளருக்குப் போகவிருந்த ஒரு மெயிலில் "அன்லெஸ் யூ டோன்ட் சென்ட் த ஃபைல், வி கனாட் ஸ்டார்ட்" என்றிருந்தது. ஃபைலை அனுப்பாமல் இருந்தால்தான் வேலை தொடங்கும் என்று பொருள் வருகிறது! 'அனுப்பாவிட்டால்' என்பதில் உள்ள மறுப்பு 'அன்லெஸ்' உள்ளேயே இருக்கிறது, 'டோன்ட்' வேண்டாம். புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் 'அன்லெஸ்' வரும் இடத்தில் 'இஃப் நாட்' வைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். அவரே திருத்திவிட்டார்.

*

நல்ல உதாரணம் சார், நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். 'வென்' கதையும் இப்படித்தான். 'வரும்போது' என்பதில் வருங்காலம் இருப்பதால் "வென் ஹி வில் கம்" என்று எழுதுகிறார்கள். "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்" என்பதே சரி. 'வில்' முதன்மை வாக்கியத்தில் மட்டும் வந்தால் போதும். 'இஃப்', 'அன்டில்' வரும்போதும் அதே கணக்குதான்.