மீன்தோலில் ஊர்ந்து காக்கும் செல்லுக்குத் தமிழ்ப்பெயர்

செம்பூரிலிருந்து, ஆசிரியை:

மும்பைத் தமிழ்க் குழுவினர் அனைவர்க்கும் வணக்கம். தமிழ்வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர்களுக்காக, மீன்களின் நோயெதிர்ப்பைப் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வகுப்பு வரும் சனிக்கிழமை. ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். நம் தோலின் மேற்புறம் இறந்து காய்ந்த செல்களால் ஆனது. மீனுக்கோ வெளி அடுக்குவரை உயிருள்ள செல்களே இருக்கின்றன, அவற்றின்மேல் வழும்புதான் போர்வை. அச்செல்களுள் பெரும்பாலானவற்றைக் கெரட்டோசைட்டு என்கிறார்கள். செதில் பெயர்ந்து சிறு புண் ஏற்பட்டால் சுற்றிலுமிருந்து அவை ஒருசேர ஊர்ந்து வந்து சில மணி நேரத்தில் அதை மூடிவிடுகின்றன. பாக்டீரியா போன்ற துகள்களை விழுங்கவும் செய்கின்றன. ‘கெராஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கொம்பு என்று பொருளாதலால் ‘கொம்புச்செல்’ என்று எழுதிப் பார்த்தேன். மீனுக்குக் கொம்பு ஏது என்று முதல் வரிசை மாணவியே கேட்டுவிடுவாள்.

மாட்டுங்காவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், கிரேக்கத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. நம் ‘தோல்’ என்னும் சொல்லே போதும். தொல்காப்பியப் புறத்திணையியலில், மதிலை முற்றுகையிடும் போரைப் பாடும் உழிஞைத் திணையின் துறைகளுள் ‘தோலின் பெருக்கம்’ என்று ஒன்று வருகிறது. அங்கே தோல் என்பது கேடயம். உடலைப் போர்த்தியிருப்பதற்கும் போரில் உடலைக் காப்பதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை ஆண்டிருக்க, காக்கும் தோற்செல்லுக்குப் பெயர் இல்லை என்று நாம் வருந்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இன்னும் ஒரு படி போனால், மதில் காக்கும் வீரர் சூடும் பூ நொச்சி. அதனால் ‘நொச்சியணு’ என்னும் பெயரை முன்மொழிகிறேன். உழிஞை சூடி வருவது கிருமி, நொச்சி சூடி நிற்பது இந்தச் செல். இதைவிடப் பொருத்தமான உவமை எந்த மொழியில் கிடைக்கும்?

வெர்சோவாவிலிருந்து, மீன்வள ஆய்வு மாணவர்:

ஐயா, உவமை அழகானது. ஆனால் மதிலைக் காப்பவர் ஒருவர் அல்லர் என்பதுதான் இங்கே சிக்கல். அதே மேல்தோலில் உள்ள கோப்பை வடிவச் செல்கள் வழும்பைச் சுரக்கின்றன. அந்த வழும்பில் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் இருக்கிறது, எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. 2005இல் ரெயின்போ டிரவுட் மீனில் கண்டறியப்பட்ட ஐ.ஜி.டி. (IgT) என்னும் எதிர்ப்பொருள் குடலில் மட்டுமன்றித் தோலிலும் காவல் புரிகிறது. கெண்டை இனத்து மீன்களில் தண்டாயுத வடிவச் செல்கள் வேறு உள்ளன. தோல் கிழிந்தால் அவற்றிலிருந்து கசியும் பொருளை உணர்ந்து கூட்டத்து மீன்கள் சிதறி ஓடுவதை 1938இல் விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் விளக்கினார். இவை எல்லாமே நொச்சி சூடத் தகுதியுள்ளவை என்றால், கெரட்டோசைட்டை எப்படிப் பிரித்துச் சொல்வது? மேலும், மனிதக் கண்ணின் முன்படலத்தில் உள்ள வேறொரு வகைச் செல்லுக்கும் கெரட்டோசைட்டு என்றே பெயர் வழங்குவதால், ஒலிபெயர்ப்பும் குழப்பத்துக்கு இடம் தரும். ஊர்வதே இதன் தனித்தன்மை என்பதால், ‘ஊர்செல்’ என்று வினைத்தொகையாக வைக்கலாமா?

தாராவியிலிருந்து, மாலை வகுப்பு நடத்துபவர்:

என் பிள்ளைகள் ‘ஊர்’ என்றதும் திருநெல்வேலியைத்தான் நினைப்பார்கள். ‘நொச்சி’ என்றால் சளிக்கு ஆவி பிடிக்கும் இலை. ‘அணு’ என்று முடித்தாலோ, வேதியியல் பாடத்தில் படித்த அணுவோடு கலந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘செல்’ நிலைத்துவிட்டது; இலங்கையில் ‘கலம்’ என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்லே, ஆனால் மும்பையில் அதைப் புதிதாகப் புகுத்த ஒரு சனிக்கிழமை போதாது. தூய்மையை நானும் மதிக்கிறேன். ஆயினும், மராத்தியும் இந்தியும் சூழ்ந்த தெருவில் வளர்ந்துகொண்டே தமிழில் அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு, ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளவே அகராதி தேவைப்படுமானால் அடுத்த ஆண்டு அது வேறு பயிற்றுமொழிக்குப் போய்விடும். ஐயா எழுதிய ‘தோற்செல்’ காதில் விழும்போது ‘தோற்ற செல்’ என்று கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காக்கும் செல்லுக்குத் தோல்வியின் ஒலி வேண்டாம்.

மாட்டுங்காவிலிருந்து:

வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகத் திரியும். பாற்சோறு, கற்சிலை போலத் தோற்செல்லும் அப்படித்தான் வரும். காதுக்காக இலக்கணத்தைத் தளர்த்தினால், நாளை எழுத்துக்காகவும் தளர்த்த நேரும். நொச்சியை விட்டுக்கொடுக்கிறேன். றகரத்தை விட்டுக்கொடுக்க என்னால் இயலாது.

செம்பூரிலிருந்து:

இன்று வியாழன். எழுதியவர்களுள் பெரும்பாலோர், நான் இடையில் முன்வைத்த ‘மேல்தோல் காப்புச்செல்’ என்பதை ஒருவாறு ஏற்றிருப்பதால், அதையே வைக்கிறேன். ‘காப்பு’ இந்தச் செல்லுக்கு மட்டும் உரியதன்று என்னும் வெர்சோவாத் தம்பியின் மறுப்பு சரியானதே. அதனால் சொல் முதலில் வரும் இடத்திலேயே, இது ஊர்ந்து புண்ணை மூடுவது, கிருமியை விழுங்குவது, வழும்பைச் சுரக்கும் கோப்பைச் செல்லிலிருந்து வேறானது என்று மூன்று வரி சேர்த்திருக்கிறேன். வழும்புக்குப் பதிலாகக் கோழை என்று மாற்றுமாறு தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். மீனைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வழும்பு கையில் பட்ட பொருள். கோழையை மூக்கோடு மட்டுமே அறிவார்கள். அதை மாற்றவில்லை.

மாட்டுங்காவிலிருந்து:

வழும்பைக் காத்தமைக்கு நன்றி, அம்மா. ஆயினும் அச்சுக்குப் போகுமுன் ‘மேற்றோல்’ என்று திருத்துமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.