மறுமொழி: சிசர் லிப்ட், பூம் லிப்ட் இரண்டுக்கும் பொதுச்சொல்

> மேல்நிலைக் குழாய் பொருத்துவோருக்கான பாதுகாப்புக் கையேட்டில் 'மின்தூக்கி' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. சிசர் லிப்ட் என்பது கத்தரிபோல் மடிந்த கால்கள் விரிய நேராக உயரும் மேடை; பூம் லிப்ட் நீண்ட கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை. மின்தூக்கி என்றதும் அடுக்குமாடியில் ஏறி இறங்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதைவிடச் சிக்கல் 'தூக்கி' என்ற முடிவு. பாரந்தூக்கி பாரத்தைத் தூக்குவதுபோல இது குழாயைத் தூக்கும் என்று பெயரே சொல்லிக்கொடுத்துவிடும். இது தூக்குவது ஆளையும் அவருடைய கருவிகளையும்தான்.

கணக்கைப் பாருங்கள். கட்டடத்துக்குள் ஓடும், மேடை 19 அடிவரை உயரும் சிசர் லிப்ட் பலவற்றின் தாங்குதிறன் 227 கிலோ. தலா 80 கிலோவில் இருவர், 20 கிலோ கருவிகள் என்றால் மிச்சம் 47. நாலங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) எஃகுக் குழாய் மீட்டருக்கு 16 கிலோ. 6 மீட்டர் துண்டு 96 கிலோ. ஓர் ஆளை இறக்கிவிட்டால் எடை அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் மேடையின் நீளம் இரண்டு மீட்டர்கூட இராது. கைப்பிடிக் கம்பிமேல் கிடத்திய குழாய் இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். உருண்டால் ஆளோடு போகும். அந்தக் கம்பி ஆள் விழாமல் தடுக்க வைத்தது, சுமை தாங்க அல்ல.

குழாய்க்கு வின்ச் (கம்பிவடம் சுற்றும் உருளை) வைத்த மெட்டீரியல் லிப்டோ செயின் பிளாக்கோ (சங்கிலிக் கப்பி) தனியாக வேண்டும். ஆகவே இரண்டுக்கும் இரண்டு பெயர். ஆளுக்கானதை 'ஏறுமேடை' எனலாம்.

---

> ஆளுக்கானதை 'ஏறுமேடை' எனலாம்.

வினைத்தொகை காலை வாருகிறதே! தானே ஏறும் மேடையா, நாம் ஏறும் மேடையா? சாரமும் நாம் ஏறும் மேடைதான். 'எழுமேடை' என்றால் எழுவது மேடை மட்டுமே. கத்தரி எழுமேடை (சிசர்), நெடுங்கை எழுமேடை (பூம்) என்று பிரிக்கவும் வரும்.

பிரித்தே ஆகவேண்டும், விதி வேறு. நெடுங்கையில் சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் நுனிக்கூடை கவண்போல ஆளை வீசிவிடும். அதனால் முழுவுடல் பெல்ட்டும், கூடையில் அதற்கென்றே உள்ள வளையத்தில் மாட்டிய குட்டைக் கயிறும் கட்டாயம். கத்தரியில் கைப்பிடிக் கம்பியே முதல் காப்பு; அதன்மேல் கால் வைத்து எக்கினால் காப்பு போயிற்று. அதில் பெல்ட்டும் வேண்டுமா என்பதற்குத் தயாரிப்பாளர் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

குழாய் வேலையில் விழுவதைப் போலவே நசுங்குவதும் பெரிய ஆபத்து. கண் ஹேங்கரில் (குழாயைத் தாங்கும் தொங்கல்), கை ஜாய்ஸ்டிக்கில். முதுகு பீமில் முட்டியதும் உடல் கட்டுப்பாட்டுப் பலகைமேல் சாய்கிறது. ஜாய்ஸ்டிக் அழுந்தியபடியே இருக்க, மேடை இன்னும் ஏறுகிறது. ஆகவே பீமுக்குக் கீழேயே நிறுத்தி, மேலே பார்த்து, மெதுவேகத்தில் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். தரைக் கட்டுப்பாடும் அவசர இறக்க வால்வும் தெரிந்த ஒருவர் கீழே நிற்க வேண்டும். சாவி இயந்திரத்திலேயே இருக்க வேண்டும்.

மரையிட்ட இணைப்புகளைத் தரையிலேயே இறுக்கிக்கொள்வது நல்லது. இவ்வகை மேடைகளுக்கான ஐரோப்பிய இஎன் 280 தரத்தில் இருவர் மேடைக்கான பக்கவாட்டு விசைக் கணக்கு 400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 40 கிலோ இழுப்பு. பெரிய பைப் ரெஞ்சில் இருவர் தொங்கினால் அதைத் தாண்டிவிடும்.

---

'எழுமேடை'க்கு என் ஓட்டும் உண்டு. அவசரத்தில் 'ஏழு மேடை' என்று படிப்பார்கள் என்பது ஒரு குறை. பக்கத்தில் படம் போட்டால் தீரும். மெட்டீரியல் லிப்டுக்குப் 'பொருளுயர்த்தி' சரிவருமா? வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பொருளுயர்த்தியில் குழாயை ஹேங்கர்வரை ஏற்று, கிளாம்ப் இறுகியபின் எழுமேடையை இறக்கு, குழாயைக் கம்பியோடு கட்டாதே." இடறவில்லை.

மேடை சாய்ந்தால் ஒலிக்கும் டில்ட் அலாரத்துக்குப் பெயர்தான் பாக்கி. பல 19 அடி மாடல்களில் பக்கவாட்டில் 1.5 பாகை சாய்ந்தாலே கூவும். உடனே மேடையை இறக்கி, சமதரைக்கு ஓட்டிப்போய்த்தான் மறுபடி ஏற்ற வேண்டும். 'சாய்வு எச்சரிக்கை' என்றால் எழுதி ஒட்டிய பலகை என்று நினைப்பார்கள். 'சாய்வொலி' எப்படி அம்மா?