யாழ்ப்பாணம் – ரொறன்ரோ: வானில் எவ்வளவு, வழியில் எவ்வளவு?

"ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று தேடினால் வருவது கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து போடும் கணக்கு. நாங்கள் வெளிக்கிடுவது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து.

அக்காவிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, அதிகாலை விமானத்துக்கு முதல் நாள் பின்னேரமே வாகனத்தில் ஏறிவிட்டோம். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று ஏழெட்டு மணித்தியாலம் றோட்டிலேயே போய்விடும். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவும் வேண்டும்.

அங்கிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. உலக உருண்டையில் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியென்றால் 3,300, பிறகு 11,100. லண்டன் வழியென்றால் 8,700, பிறகு 5,700. எந்த வழியைக் கூட்டிப் பார்த்தாலும் 14,400தான் வரும். ஆகவே சுற்றிப் போகிறோமே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். மலிவு ரிக்கற் என்று எடுத்துவிட்டு நடுவழியில் பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையில் குந்தியிருக்கும் சனத்தைக் கண்டேன். வயதானவர்களோடு அந்த வேலை வேண்டாம்.

நாங்கள் போனது டுபாய் வழி. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம். அம்மா முன்னாலிருந்த திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"தம்பி, கனடா மேற்கால எண்டாய். இவன் ஏன் வடக்கால போறான்?"

"பந்தில நூல் பிடிச்சுப் பாருங்கோ அம்மா, அதுதான் கிட்ட."

"கிறீன்லாந்து எண்டு போட்டிருக்கு. அங்கயும் எங்கட ஆக்கள் இருப்பினமோ?"

ரொறன்ரோ கோடைகாலத்தில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அதனால் அதிகாலையில் கிளம்பி, அவர்கள் மணிக்கூட்டின்படி அதே நாள் பின்னேரம் இறங்கிவிட்டோம். அம்மாவின் உடம்பு மட்டும் அதை நம்பவில்லை. சீனி வருத்தக்காரர் என்றால் குளிசை நேரத்தை முதலே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலியை ரிக்கற் போடும்போதே சொல்லி வைத்தால் காசில்லை.

திரும்பி வரும்போது உயரத்தில் அடிக்கும் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ரொறன்ரோ – டுபாய் ஒரு மணித்தியாலமளவு குறைவு.

கொக்குவில்வாசி ஒருவரின் மறுமொழி:

லண்டன் போகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தையும் யோசிக்கலாம். சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. வான்வழி 355 கிலோமீற்றரளவு, ஒன்றேகால் மணித்தியாலம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் பலாலி ஓடுபாதை கட்டை, வருவது ஏடிஆர் என்ற சின்னக் காற்றாடி விமானம். பொதி நிறையைக் கவனியுங்கள். இரண்டு தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா கையில் இருக்கவேண்டும். நான் ஒடியல்மாவையும் மிளகாய்த்தூளையும் பாதி வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன்.