வாட்டர்கலர் வானத்தில் கறை, கோடுகளில் மை கசிவு: உதவி தேவை

பிடோக் வாசி

வணக்கம். கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் காலை நேரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கோடுகள்: அலைகளுக்குச் சிக்குக் கோல வளைவுகள், தூங்குமூஞ்சி மரங்களுக்குச் சின்னச் சின்ன வட்டங்கள், மணலுக்குப் புள்ளிகள். மேற்பாதி வாட்டர்கலர் வானம்.

வானம்தான் படுத்துகிறது. நீலம் பாதி காய்ந்திருக்கும்போது மேகத்தின் பக்கத்தில் இன்னொரு தரம் தூரிகையை வைத்தால், ஓரம் பிசிறுபிசிறாக ஒரு கறை விரிந்துவிடுகிறது. அடிவானத்து மஞ்சளும் மேலே இருக்கும் நீலமும் சேரும் இடம் பச்சையாகிறது. மரத்து உச்சிக் கோடுகள் ஈரம் பட்டதும் ஊதாவாகக் கசிகின்றன. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாள், சாதாரண ஜெல் பேனா. வீட்டில் மின்விசிறி மட்டும்தான், ஏர்கான் இல்லை. எதை முதலில் மாற்றலாம்?

தெம்பனிஸ் தூரிகை

முதலில் அந்தக் கறை. தாளில் இருப்பதைவிடத் தூரிகையில் ஈரம் அதிகமாக இருந்தால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். பூக்கோசு மாதிரி விரிவது அதனால்தான். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு நன்றாகத் தெரிந்தால் தாராளமாக நிறம் விடலாம். அது மங்க ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் கூடவே கூடாது, துணியில் ஒற்றிய தூரிகையில் கெட்டி நிறம் மட்டும். முழுக்க மங்கிவிட்டால் தொடாதீர்கள். காயட்டும். அப்புறம் சுத்தத் தண்ணீரால் மெல்ல நனைத்து அடுத்த அடுக்கைப் போடலாம்.

நம் சிங்கப்பூரில் தாள் காயும் இந்த இடைவேளை நீளம். விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். காலைக் காட்சியாக இருந்தாலும் வானத்தைப் பிற்பகலில் தீட்டுங்கள். மின்விசிறி நேராகத் தாளில் அடிக்க வேண்டாம். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக நிற்கும், கறைக்கு அதுவே போதும்.

பச்சைக்கு: மஞ்சளும் நீலமும் நேராகத் தொடக் கூடாது. நடுவில் மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று விடுங்கள். கீழே ஆரஞ்சாகவும் மேலே இளம் ஊதாவாகவும் கரையும், காலை வானத்துக்கு அது அழகாகவே பொருந்தும். மேகத்துக்கு ஈரம் இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரைன் நீலம் ஓரளவு எழுந்து வரும். தேலோ நீலம் தாளைப் பிடித்துக்கொள்ளும், அதை வைத்து மேகம் எடுப்பது சிரமம்.

முதலில் மாற்ற வேண்டியது தாள். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தைச் சீராக வைத்திருக்கும், அலைஅலையாக வளைவதும் குறையும். மற்றதில் மிச்சம் பிடியுங்கள், தாளில் வேண்டாம்.

ஜூரோங் கோடு

பேனாவைப் பற்றி நான் சொல்கிறேன். நீரில் கரையாத பிக்மென்ட் மை வேண்டும். பிக்மா மைக்ரான் போன்றவை பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் கிடைக்கும். எந்தப் பேனாவானாலும் அதே தாளின் துண்டில் ஒரு கோடு போட்டு, காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வானம் முதலில், கோடு பிறகு. விரலின் புறப்பக்கத்தைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அதன்மேல் மை இழை இழையாகப் பரவும்.

பிடோக் வாசி

இருவருக்கும் ரொம்ப நன்றி. தாளையும் பேனாவையும் மாற்றினேன். வானம் சுத்தமாக வந்தது, மை அசையவில்லை. ஆனால் இப்போது கீழ்ப்பாதி நெருக்கடியாகத் தெரிகிறது. தூரத்துக் கப்பல்கள் அலைக் கோலத்தில் தொலைந்துவிட்டன. ஓரம் நேராக வர அடிவானத்தில் ஒட்டிய டேப்பை எடுத்தபோது தாளும் கொஞ்சம் உரிந்தது.

ஜூரோங் கோடு

கப்பல்கள் தொலைவதற்குக் காரணம் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருப்பதுதான். முன்னால் இருக்கும் அலைக்கு மைக்ரானில் 08 எண் பேனா, அதாவது 0.50 மிமீ கோடு. நடுவுக்கு 03. அடிவானத்தை ஒட்டி 005 மட்டும், அது 0.20 மிமீ. சிக்குக் கோல வளைவுகளும் தள்ளிப் போகப் போகத் தட்டையாக, சின்னதாக ஆகட்டும். கப்பல் வரிசைக்கு வரும்போது துண்டு துண்டான கிடைக்கோடுகளே போதும். கப்பலைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை விடுங்கள். அழகான கோலம் கைவசம் இருக்கும்போது எல்லா இடத்தையும் நிரப்பத்தான் மனம் வரும். ஆனால் மேலே இவ்வளவு பாடுபட்டு ஒரு வானம் தீட்டியிருக்கிறீர்கள், கண் அங்கே போக வழி வேண்டும். மரத்து வட்டங்களைக்கூட நிழல் பக்கம் மட்டும் நெருக்கமாகப் போட்டு, வெளிச்சப் பக்கத்தைத் திறந்து விடலாம்.

தெம்பனிஸ் தூரிகை

டேப்பை ஒட்டும் முன் சட்டையில் இரண்டு மூன்று தரம் ஒற்றி எடுங்கள், பசை குறையும். எடுக்கும்போது தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முடி உலர்த்தியால் டேப்பை லேசாகச் சூடாக்கி, தாளோடு ஒட்டினாற்போல் மடக்கிப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். உரிந்த இடத்தில் இனி ஈரம் படக் கூடாது, நிறம் அங்கே திட்டாக இறங்கும். கறுப்புப் புள்ளிகளை நெருக்கி ஒரு கரைத் திட்டாகவோ படகாகவோ மாற்றிவிடுங்கள். மிச்சத் தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள், இங்கே வெளியே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.